செண்பகவல்லிக்கு ஒரு மசோதா

செப்டம்பர் 7, புதன்

என் பெயரில் ஒரு சட்டம் வரப்போகிறது. வராமலும் போகலாம். இந்த ஒஹையோவில் இலையெல்லாம் உதிர்ந்து முதல் பனி விழுவதற்குள் தெரிந்துவிடும்.

இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்பது பெரியம்மாவின் உத்தரவு. பேசினால் கண் பட்டுவிடுமாம். எழுதினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் பெரியம்மாவும் பெரியப்பாவும் படுத்த பிறகு துணி அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த ஊரில் துணி அலமாரி என்பது கதவு வைத்த சின்ன அறை. உள்ளேயே விளக்கு உண்டு. தமிழில் எழுதுவதால் பள்ளியில் யார் கையில் கிடைத்தாலும் கவலையில்லை.

எனக்குப் பயம் கிடையாது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டு வாசலில் தெரியாத வேன் நின்றால் மட்டும் கொஞ்ச நேரம் குளியலறையில் இருந்துவிட்டு வருவேன்.

விஷயம் இதுதான். என் அப்பா இறந்தபோது கோவில்பட்டியில் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள், நானும் கோமுவும். அமெரிக்காவில் இருக்கும் அம்மாவின் அக்காவுக்குப் பிள்ளையில்லை. எங்கள் பக்கத்தில் இப்படி இருந்தால் தங்கை ஒரு பிள்ளையை அக்காவுக்குக் கொடுத்துவிடுவாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து உட்காருவார்கள், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள், முடிந்தது. அதற்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. போனால்தான் ஊர் ஒரு மாதிரி பேசும். அப்படித்தான் எனக்குப் பதின்மூன்று வயதானபோது பெரியம்மா பெரியப்பாவோடு இங்கே வந்தேன். வந்தது சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கான விசாவில்.

பெரியப்பா இந்த நாட்டுக் குடிமகன், டயர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. அவரும் வெற்றிலை பாக்கோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருந்தார். தத்து என்றால் கோர்ட் உத்தரவு வேண்டும், அதுவும் பிள்ளைக்குப் பதினாறு வயது முடிவதற்குள் வேண்டும் என்று யாரோ சொல்லி, அவர் ஓடிப்போய்த் தத்தெடுத்தபோது எனக்குப் பதினாறு தாண்டியிருந்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் நான் மகள் இல்லை. சுற்றிப்பார்க்க வந்து, போக மறந்துவிட்ட ஒருத்தி.

அம்மா, அப்பா என்றுதான் இனி கூப்பிட வேண்டும். வெளியில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது பெரியம்மா என்றே வருகிறது.

செப்டம்பர் 9, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததும் டெபியிடமிருந்து போன். எங்கள் தொகுதி உறுப்பினர் ஹோல்கம்பின் அலுவலகத்தில் இருப்பவள். கல்லூரி முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. என் முழுப்பெயரைச் சொல்லப் பயந்து ஷென் என்று கூப்பிடுவாள். அவள் பேசுவது ஆங்கிலம். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"துணைக்குழு தாண்டியாச்சு ஷென். அடுத்தது முழுக் கமிட்டி. நீ இதுக்கெல்லாம் அர்த்தம் கேப்பேன்னு காகிதத்துல எழுதி வச்சுக்கிட்டேன்."

"வேண்டாம், தெரியும்" என்றேன்.

தெரியும். நூலகத்தில் இது பற்றிய மூன்று புத்தகங்களையும் படித்துவிட்டேன். எங்கள் பாடப்புத்தகத்தில் குவிமாடமும் அரைவட்ட நாற்காலிகளும் போட்டிருக்கிறது. சட்டம் அங்கேதான் உண்டாகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே நடப்பது கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் மாதிரி. பெண் பார்த்தது, பேசியது, முறித்துக்கொண்டது, திரும்பச் சேர்ந்தது எல்லாம் கமிட்டி அறைகளில் முடிந்திருக்கும். காங்கிரஸ் என்பது இந்த நாட்டின் நாடாளுமன்றம், அதில் இரண்டு சபை. பிரதிநிதிகள் சபையில் நானூற்று முப்பத்தைந்து பேர், மக்கள்தொகைப்படி. செனட்டில் நூறு பேர், பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ தலைக்கு இரண்டு. ஒவ்வொரு சபையும் தன்னைப் பல கமிட்டிகளாகவும் கமிட்டிகள் தங்களைத் துணைக்குழுக்களாகவும் பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் மசோதா வரும். பெரும்பாலானவை கமிட்டியில் படுத்தபடியே உயிரை விட்டுவிடும். யாரும் தோற்கடிக்க வேண்டியதில்லை, எடுக்காமல் இருந்தால் போதும்.

ஒரே ஒரு ஆளுக்காகவும் சட்டம் போடலாம். அதற்குத் தனிநபர் மசோதா என்று பெயர். என்னுடையது அந்த வகை. நீதித்துறைக் கமிட்டியில் குடியேற்றத்துக்கான துணைக்குழு முன்பே என்னைப் பற்றி அரசாங்கத்திடம் அறிக்கை கேட்டிருந்தது. அப்படிக் கேட்டுவிட்டால் மசோதா முடியும் வரை என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள், அதுதான் வழக்கம். ஆனால் இந்த ஆண்டோடு இந்தக் காங்கிரஸின் இரண்டு வருஷமும் முடிகிறது. அது முடியும்போது பாதியில் நிற்கிற மசோதாக்கள் எல்லாம் சேர்ந்து செத்துப்போகும். அப்புறம் எனக்கு விமான டிக்கெட்தான்.

எல்லாம் முறைப்படி நடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12, திங்கள்

பாத்திரம் தேய்த்தேன். இயற்கணிதத்தில் தொண்ணூற்றாறு.

குடிமையியல் வகுப்பில் மிஸ்டர் பார்லோ, மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று கரும்பலகை முழுக்க அம்புக்குறி போட்டார். கமிட்டி முடிந்ததும் மசோதா பட்டியலுக்குப் போகும், இரண்டு பட்டியல் உண்டு என்றார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"ஐந்து சார். செலவு மசோதாவுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று, எதிர்ப்பில்லாததுக்கு ஒன்று, கமிட்டி பிடித்துவைத்திருப்பதை இழுத்து வெளியே கொண்டுவர ஒன்று, தனிநபர் மசோதாவுக்கு ஒன்று. தனிநபர் பட்டியலை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையில் கூப்பிடுவார்கள். சபாநாயகர் விரும்பினால் மூன்றாவது செவ்வாயிலும். விவாதம் கிடையாது. இரண்டு பேர் எழுந்து ஆட்சேபித்தால் மசோதா கமிட்டிக்கே திரும்பிவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு கட்சியிலும் ஆள் போட்டிருக்கிறார்கள்."

வகுப்பு அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தது. பின் பெஞ்சு ரான்டி, "யாரும்மா இவ, சபாநாயகருக்குச் சித்தப்பா மகளா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்டர் பார்லோ மட்டும் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா படித்தேன் சார்."

மீதி வகுப்பு முழுக்க மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அறையில் குளிர் அதிகம்.

செப்டம்பர் 15, வியாழன்

முழுக் கமிட்டியும் ஒப்புக்கொண்டுவிட்டது. கமிட்டியின் அறிக்கை இன்று சபையில் தாக்கலானது. டெபி மசோதாவின் நகலை எனக்கே தபாலில் அனுப்பியிருந்தாள். ஒன்றரை வருஷமாகப் பெரியப்பாவிடம் ஒரு பிரதி இருக்கிறது, ஆனால் நான் பார்த்ததில்லை.

ஒரு பக்கம்தான். தலைப்பில் என் பெயர், நிவாரணத்துக்காக என்று. முதல் வாக்கியம், குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை நான் பெரியப்பாவின் பிள்ளை என்று கொள்ளப்படும் என்கிறது. இரண்டாவது வாக்கியம், என்னைப் பெற்றவர்களும் என்னோடு பிறந்தவர்களும் அந்த உறவைக் காரணம் காட்டி இந்த நாட்டில் எந்த உரிமையும் கேட்க முடியாது என்கிறது.

அவ்வளவுதான் மசோதா. நல்ல கனமான தாள்.

செப்டம்பர் 16, வெள்ளி

சாம்பார் தீய்ந்துவிட்டது. நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 17, சனி

நூலகம் என்று சொல்லிவிட்டு டெபியின் அலுவலகத்துக்குப் போனேன். தேர்தல் நெருங்குவதால் சனிக்கிழமையும் திறந்திருந்தது. அவள் ஒரு கையால் டோனட் தின்றபடி உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இரண்டாவது வாக்கியத்தை எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"எந்த இரண்டாவது? ஓ, அதுவா. இந்த மாதிரி மசோதா எல்லாத்துலயும் அது இருக்கும். உனக்குன்னு போட்டது இல்ல."

"எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்."

டெபி டோனட்டைக் கீழே வைத்தாள்.

கோமுவைப் பற்றி இங்கே எழுதக்கூடாது என்று இருந்தேன். இப்போது பன்னிரண்டு வயது. போன மாதக் கடிதத்தில், பள்ளிக்கூடத்தை நிறுத்தியாச்சு, தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறது, குச்சி அடுக்குவதில் என் கைதான் வேகம் என்று மேஸ்திரி சொல்கிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாள். நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழாதட்டி, நான் பெரிய ஆளாகி உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கிடுதேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் விட்டாள்.

டெபி உள்ளே போய் ஹோல்கம்பையே கூட்டிவந்துவிட்டாள். உயரமான மனிதர், கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தார். எனக்காக நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பாரும்மா, உள்ளதைச் சொல்லிடறேன். அந்த வரியை எடுத்தா, ஒரு பொண்ணுக்காக வந்த மசோதா ஒரு குடும்பத்துக்கு ஆயிடும். ஆட்சேபிக்கன்னே உக்காந்திருக்காங்க, ரெண்டு பேர் எழுந்தாப் போதும். என் கட்சிக்காரனே எழுந்திருப்பான், அவனைத் தப்பு சொல்லவும் முடியாது. அதோட இனி நாளும் இல்ல."

"அந்த வரியோடு எனக்கு மசோதா வேண்டாம் என்று நான் சொன்னால்?"

அவர் டெபியைப் பார்த்தார், பிறகு என்னை. "வேண்டாம்ங்கிற ஆளுக்கு நான் சட்டம் கொண்டுவர மாட்டேன். ஆனா அதை உன் அப்பா அம்மாவோட பேசிட்டு வந்து சொல்லு. செவ்வாய்க்கிழமை கூப்பிடறாங்க."

கை கொடுத்தார். 

செப்டம்பர் 20, செவ்வாய்

வயிற்றுவலி என்று சொல்லி மதியமே வீட்டுக்கு வந்தேன். சபை நடவடிக்கையைக் கேபிள் டிவியில் காட்டுவார்கள். பெரியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் நாலைந்து பேர்தான் தெரிந்தார்கள்.

"இதுக்குத்தான் ஓட்டுப் போட்டு அனுப்புதாவளா? ஒருத்தனையும் காணோம். அந்த வழுக்கத்தலை யாருட்டி?"

"அவர்தான் இப்போ சபையை நடத்துறார் பெரியம்மா."

"தூங்குதாம்போல இருக்கே."

குமாஸ்தா மசோதாக்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். என் பெயர் வந்தபோது அவர் பட்ட பாட்டில் பெரியம்மாவுக்கு அது என் பெயர் என்றே தெரியவில்லை. ஆட்சேபம் உண்டா என்று வழுக்கத்தலை கேட்டார். ஒரு உறுப்பினர் எழுந்து, இந்த மசோதாவைப் பாதகமில்லாமல் இப்போதைக்குத் தாண்டிப்போகலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த மசோதாவைக் கூப்பிட்டார்கள். கொட்டாவி விடுகிற நேரம்தான்.

டெபி உடனே போன் செய்தாள். பயப்படாதே, மசோதா பட்டியலில் ஏறி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி, உன் அறிக்கை வியாழக்கிழமைதான் வந்தது, அக்டோபர் நாலாம் தேதி மறுபடி கூப்பிடுவார்கள் என்றாள்.

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்.

எனக்கு நல்ல பசி. வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். வருத்தமான செய்திக்கு ஏன் இப்படிப் பசிக்க வேண்டும் என்று புரியவில்லை.

செப்டம்பர் 24, சனி

இன்று நிஜமாகவே நூலகம் போனேன். குடியேற்றச் சட்டத்தையே எடுத்து முதலிலிருந்து படித்தேன். நூலகக்காரம்மா இரண்டு முறை வந்து, வேறு ஏதாவது லேசான புத்தகம் வேண்டுமா என்று கேட்டாள்.

யார் யாரைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி வகை இது. வயது வந்த குடிமகனோ குடிமகளோ தன் உடன்பிறந்தவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். அவர்களோடு அவர்களின் சின்னப் பிள்ளைகளும் வரலாம். வரிசையில் ஆறேழு வருஷம் நிற்க வேண்டும். பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் முறை வந்துவிட வேண்டும்.

மசோதாவின் இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது என் வழியாக வரும் உறவைத்தான் அடைக்கிறது. கோமுவின் அம்மாவுக்கு வேறு ஒரு உறவு இந்த ஊரில் இருக்கிறது. கூடப்பிறந்த அக்கா.

நூலகத்து வாசல் போனிலிருந்து டெபியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இரு, வாஷிங்டன்ல கேக்கறேன்" என்றாள். திரும்ப வந்து, "நீ சொல்றது சரி. ஆனா உன் பெரியம்மா குடிமகளா? எங்க கோப்புல இல்லையே" என்றாள்.

இல்லை. பெரியப்பா சத்தியம் செய்து குடிமகன் ஆகி வருஷக்கணக்காகிறது. பெரியம்மா, இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டையோடு நின்றுவிட்டாள். ஆங்கிலம் வராததால் அவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்கும். சொன்னால் போதும், உடனே சரி என்பாள்.

செப்டம்பர் 25, ஞாயிறு

சரி என்று சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது எடுத்தேன். நன்றாகத் தயார்செய்து வைத்திருந்தேன். கடைசி வகை, உடன்பிறந்தோர், வரிசை எல்லாம் சொன்னேன். பெரியம்மா ரசத்தைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"மசோதாவுக்குப் போன அன்னைக்கே வக்கீலு சொன்னான். அந்த ரெண்டாவது வரியையும் சொன்னான், இதையும் சொன்னான். உங்க பெரியப்பா அதுக்கும் முன்னாலயே சொல்லியாச்சு. நாந்தான் சத்தியம் பண்ண மாட்டேன்னேன். எனக்கு ஒரு நாடுதான் இருக்கு, அதை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுச் செத்தா எங்கட்டி போயி எரிய?"

பெரியப்பா தட்டைப் பார்த்தபடியே, "முழுசையும் சொல்லு ஆவுடை" என்றார்.

பெரியம்மா கரண்டியை வைத்தாள். "என்னத்த முழுசு? என் தங்கச்சி சிவகாமி இங்க வந்துட்டா இவ யாருகிட்ட இருப்பா? சொல்லுங்க. ஒரு வீட்டுல ரெண்டு அம்மா இருந்தா பிள்ளை எவகிட்ட போகும்? நான் பெறல. எனக்குத் தெரியும் எங்க போகும்னு."

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் வேறு ஒன்றைச் சொன்னேன். வாஷிங்டனில் இரண்டு பேர் எழுந்து ஆட்சேபித்தால் மசோதா நிற்கும் பெரியம்மா, இங்கே நான் ஒரு ஆள் ஆட்சேபிக்கிறேன், நீங்கள் கோமுவுக்காகக் குடிமகள் ஆகாவிட்டால் நாளைக்கு டெபிக்குப் போன் போட்டு எனக்கு மசோதா வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கை மட்டும் மேசைக்குக் கீழே இருந்தது.

"போட்டுப் பாருட்டி. பிளேன்ல ஏத்தி விட்டுருவான். அங்க போயி நீயும் கோமுவும் சேந்து குச்சி அடுக்குங்க. நீ ஒருத்தி எந்திரிச்சா என்ன ஆகும்? ரெண்டு பேருல்லா வேணும்?"

பெரியப்பா மெதுவாக எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. சாதக் கையோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னங்க, உக்காருங்க."

"இல்ல. ரெண்டு பேரு வேணும்னியே."

பெரியம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார். சாதம் கையிலேயே காய்ந்துவிட்டது.

செப்டம்பர் 27, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. பெரியம்மா மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டி, என் கையில் தராமல் மேசையில் வைக்கிறாள். தயிர்சாதம்தான், ஆனால் மாதுளை முத்துக்கள் போட்டிருந்தாள். எனக்குப் பிடிக்கும்.

டெபிக்கு இன்னும் போன் செய்யவில்லை. செய்வேன். நாள் இருக்கிறது.

செப்டம்பர் 30, வெள்ளி

தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டே பெரியம்மா திடீரென்று கேட்டாள்.

"அங்க மேல ஒரு சபை இருக்குன்னியே. அதுல எத்தனை பேரு எந்திரிக்கணும்?"

"செனட்டா? இந்த மாதிரி மசோதாவை எல்லாரும் சம்மதித்தால்தான் சட்டென்று எடுப்பார்கள். ஒருத்தர் மறுத்தாலே நின்றுவிடும்."

"அப்ப அது நாந்தான்" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினாள்.

பக்கத்து அறையில் பெரியப்பா இருமினார். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

அக்டோபர் 2, ஞாயிறு

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இருக்காது என்பது ஞாபகம் வந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலை.

மாலையில் பெரியம்மா துணி மடிக்கக் கூப்பிட்டாள். போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். மடித்து நெருங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல."

"எதுக்கு?"

"ரெண்டு அம்மா இருந்தா எவகிட்ட போவேன்னு."

 உங்களிடம்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். "தெரியல பெரியம்மா" என்றேன். "ரெண்டு பேர்கிட்டயும் போவேன். கோமுவை யாரு பாத்துக்கிடுதாவளோ அவங்ககிட்ட கொஞ்சம் கூடப் போவேன்."

பெரியம்மா போர்வையை என் கையிலிருந்து வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அந்தக் குடியுரிமைப் பரீட்சையில என்னல்லாம் கேப்பானுவ?" என்றாள்.

அக்டோபர் 4, செவ்வாய்

டெபிக்குப் போன் செய்யவில்லை. இன்று தனிநபர் பட்டியலில் என் மசோதாவைக் கூப்பிட்டார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். யாரும் எழவில்லை. நிறைவேறியது.

பெரியம்மா திரையைப் பார்த்து, "எந்திரிக்காத, உக்காரு, உக்காரு" என்று ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தவர்.

அக்டோபர் 20, வியாழன்

செனட்டில் இன்னும் எடுக்கவில்லை. கீழே நிறைவேறிய அதே எழுத்து மேலேயும் அப்படியே நிறைவேற வேண்டும். ஒரு சொல் மாறினாலும் திரும்பக் கீழே போக வேண்டும், அதற்கு நேரமில்லை. எல்லோரும் ஊருக்குப் போய்ப் பிரசாரம் செய்யும் அவசரத்தில் இருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்குத் தினமும் மாலை பாடம். சபை இரண்டு. கீழே இரண்டு வருஷம், மேலே ஆறு வருஷம். "நம்ம மாநிலத்துக்கு மேல ரெண்டு பேருதானா? அவ்வளவு பெரிய கலிபோர்னியாவுக்கும் ரெண்டா? இது என்ன நியாயம்?" என்று இன்றைக்கும் சண்டை பிடித்தாள்.

வாசலில் நீல நிற வேன் நின்றது. பக்கத்து வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வந்தது.

அக்டோபர் 22, சனி

கடைசி நேரக் குவியலில் ஒன்றாக செனட்டில் நிறைவேறியது. டெபி தூக்கமில்லாத குரலில் சொன்னாள். சபை கலைந்துவிட்டது. மசோதா ஜனாதிபதியின் மேசைக்குப் போகச் சில நாள் ஆகும், போனபின் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தாலே போதும், செத்துவிடும். சபை கூடியிருந்தால்தான் கையெழுத்தில்லாமலும் சட்டமாகும்.

எனக்குப் பயமில்லை என்று எழுத வந்தேன். இன்றைக்கு எழுதவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

கையெழுத்துப் போட்டாயிற்று. சட்டத்துக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பா பள்ளிக்கே வந்து சொன்னார். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டு, சொல்ல வந்ததை மறந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 11, செவ்வாய்

பெரியம்மாவுக்கு இன்று குடியுரிமைத் தேர்வு. மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். நானும் பெரியப்பாவும் காரில் காத்திருந்தோம். வெளியே வந்ததும் பின்சீட்டில் ஏறி, "கிளப்புங்க" என்றாள்.

"என்ன ஆச்சு?"

"செனட்டு எத்தனைன்னான். நூறுன்னேன். எத்தனை வருஷம்னான். ஆறுன்னேன். சட்டம் யாரு போடுதான்னான். காங்கிரஸுன்னேன். மொதல்ல கமிட்டி, பெறவு பட்டியல், ரெண்டு பேரு எந்திரிச்சா போச்சு, மேல ஒருத்தன் போதும்னு சொல்லிக்கிட்டே போனேன். போதும் போதும்னு கையக் காட்டிட்டான்."

"எந்த மொழியிலே சொன்னே?" என்றார் பெரியப்பா.

"பாதி அவன் மொழி. பெறவு நீட்டமா ஒண்ணு கேட்டான், புரியல. எதுக்கு வாறன்னு கேக்கான்போலன்னு நினைச்சு, எனக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு சொன்னேன். சரின்னு எழுதிக்கிட்டான்."

மே 19, வெள்ளி

பெரியம்மா காலையில் கோர்ட்டில் நாற்பது பேரோடு நின்று, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். வேறு எந்த நாட்டுக்கும் விசுவாசம் இல்லை என்கிற வரி வந்தபோது மட்டும் அவள் உதடு அசையவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த பெரியப்பா, அசைந்தது என்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் தபால் நிலையத்தில் இறங்கி, சிவகாமியின் பெயரில் போட்ட மனுவை யார் கையிலும் கொடுக்காமல் தானே பெட்டியில் போட்டாள்.

கோவில்பட்டி மருந்துக்கடை போனுக்கு வரச்சொல்லி அம்மாவுக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே காலை நேரம், லைன் கிடைத்தது. என்னை ஊரிலிருந்து கூட்டிவந்ததற்கு அப்புறம் அக்காவும் தங்கையும் பேசவே இல்லை. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"ஏட்டி, நாந்தான். ஆவுடை. இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். கேளு, அழுதா காசு ஓடுது. ஒன் பேரை எழுதிக் குடுத்தாச்சு. இன்னைக்கு வராது. ஆறு வருஷமோ ஏழு வருஷமோ ஆகும், வரிசை அப்படி. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைய தீப்பெட்டிக்கு அனுப்பாத. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போயி வாத்தியாரப் பாரு. லீவா? சரி, தெறந்த அன்னைக்கு மொத ஆளாப் போயி நில்லு. ஆமா, நான் அனுப்புதேன். நீ ஒண்ணும் பேசாத. எனக்கு ஒண்ணக் குடுத்தேல்லா, அதுக்கு நான் ஒண்ணும் குடுக்கல."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இரு, இங்கதான் நிக்கா. மேசையத் தேச்சுத் தேச்சு ஓட்டை போடப் போறா. பேசு, ஒம் மவகிட்ட" என்று சொல்லிவிட்டு, போனை என் பக்கமாக நீட்டினாள்.